கதிரியக்க அயோடின்: சிகிச்சைக்குப் பின்னே

தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டு வருபவர்களை நம்மவர்கள் "கரண்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பேர் வைத்தார்கள். இது கரண்டும் அல்ல, ஊசியும் அல்ல. ஒரு காப்ஸ்யூல், சில இடங்களில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும் ஒரு மிடறு மருந்து. 1940-களிலிருந்தே வழக்கில் உள்ள வைத்தியம். நம் நாட்டில் இதற்கென்றே மும்பை பரேலில் 1963-இல் கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. மருந்து டிராம்பேயிலும் தயாராகிறது.

இதை எழுதக் காரணம், அல்சூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளம்பெண். ஆம்பூர்ப் பக்கத்துக்காரி, திருமணமாகி இரண்டு ஆண்டுகள். அறுவை முடிந்து டாக்டர் அயோடின் சொன்னதும், "இனி பிள்ளை பிறக்காது" என்று யாரோ சொல்லிவைக்க, மருந்தே வேண்டாம் என்று நின்றுவிட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்த மருந்து மலடாக்குவதில்லை. ஆனால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. மாதவிலக்கு சில மாதம் முன்பின் ஆகலாம். ஆண்களுக்கும் சில மாதக் காத்திருப்பு உண்டு. கர்ப்பிணிக்கு இம்மருந்து கொடுப்பதே இல்லை. பால் கொடுக்கும் தாய் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மறுபடி பால் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன்: எல்லோருக்கும் இது தேவையா என்று டாக்டரிடமே கேள் என்று. கட்டி சிறியதாய், பரவாமல் இருந்தால் அயோடின் இல்லாமல் கண்காணித்தாலே போதும் என்று 2022-இல் பிரான்சு நாட்டு ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அவளுக்கு நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்ததால் தேவை என்றே டாக்டர் விளக்கினார்.

இனி பக்க விளைவுகள். தைராய்டைப் போலவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாம் நாள் தாடையோரம் புட்டாலம்மை வந்தாற்போல் வீங்கியது. மூன்று வாரத்துக்கு ரசம்கூடத் தகரம் நக்கியதுபோல் இருந்தது. ருசி திரும்பிவிட்டது, வாய் வறட்சி மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வாய் வறண்டால் பல் சொத்தையாகும், ஆகவே பல் டாக்டரிடமும் சொல்லி வையுங்கள். எலுமிச்சை மிட்டாயை எப்போது தொடங்குவது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் ஒரு நாள் கழித்தே என்கிறார்கள். சிலருக்குக் கண்ணில் நீர் வடியும். முடி கொட்டுவது இம்மருந்தால் அல்ல. தைராக்சின் நிறுத்தியிருந்த வாரங்களின் வேலை அது. பெரிய அளவுகள் பலமுறை பெற்றவர்களுக்கு வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது கூடும். மறைக்க வேண்டிய விஷயமல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அயோடின்-131-இன் வீரியம் 8 நாளுக்கொரு முறை பாதியாகும். பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் டாக்டர் சொன்ன நாள் வரை நெருங்கக் கூடாது. என் பேத்தி கதவருகே நின்று கை நீட்டினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. டிஸ்சார்ஜ் ஆன கையோடு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி இரவெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதும் வேண்டாம்.

சில நாளில் உடல் முழுவதற்கும் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். படத்தில் வாய், வயிறு, குடல், சிறுநீர்ப்பை எல்லாம் கறுப்பாகத் தெரியும். அவையெல்லாம் மருந்து இயல்பாகப் போகும் வழிகள். கழுத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் பெரும்பாலும் அறுவையில் மிஞ்சிய தைராய்டுத் திசுதான். இது தெரியாமல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுதவர்களை வார்டில் கண்டிருக்கிறேன்.

பின்பு 6 முதல் 12 மாதத்தில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும், தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும். சுரப்பி முழுக்கப் போனபின் இந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமலிருக்க வேண்டும். மெல்ல ஏறினால் தேட வேண்டும். கூடவே அதற்கான எதிர்ப்பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் கணக்கு பொய்யாகும். பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் அளவு மாறும் என்பதால் ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. அயோடின் ஸ்கேனை மறுபடி எடுப்பது இப்போது எல்லோருக்கும் கட்டாயமில்லை. எடுப்பதானால் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு: கடல் மீன், முட்டை மஞ்சள், பால் கூடாது. உப்பு வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது உண்டு. சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்கள் அறுவை அறிக்கை, கொடுத்த மருந்தின் அளவு, முதல் ஸ்கேன் படம் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், லாரியில் ஏற்ற வேண்டாம். முதல் சில வாரங்களில் விமானம் ஏறுபவர்கள் டாக்டரின் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சில விமான நிலையங்களில் கதிரியக்கம் காட்டும் கருவி அலறும்.