பின் பிறேக் பிடிக்கவில்லையா?

பழைய ஹொண்டா எம்.டி. 90 எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடுகிறது. யப்பானில் தபாற்காரருக்கென்று செய்த வண்டி. இரண்டு சில்லிலும் ட்றம் பிறேக்தான். பிள்ளையைப் பின்னால் ஏற்றி ஓடும் எனக்கு அந்தப் பின் பிறேக்கில் எப்போதும் ஒரு கண்.

மிதியைக் கையால் அமத்திப் பாருங்கள். பிறேக் பிடிக்கத் தொடங்குமுன் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை இறங்கலாம். கூடினால், பின்சில்லடியில் கம்பி நுனியிலுள்ள நட்டை அரை அரைச் சுற்றாக இறுக்குங்கள். நடுஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைச் சுழற்றினால் உரசாமல் சுற்றவேண்டும். உரசினால் ட்றம் சூடேறும், பெற்றோலும் வீண்.

இறுக்கியும் பிடிக்காவிட்டால் சூ தேய்ந்திருக்கும். லைனிங் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சோடியாக மாற்றவேண்டும். கிறீஸ் ஊறிய சூவை அரத்தாளால் தேய்த்துப் போடலாம் என்பார்கள், நான் சம்மதிப்பதில்லை. அமத்திய மிதி திரும்பி வராவிட்டால் சூவை விரிக்கும் அச்சு துருவேறி இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பொட்டளவு கிறீஸ் போதும். அது லைனிங்கில் படக்கூடாது.

ட்றம்மைத் திறக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கராச்சில் வாயால் ஊதுவார்கள், வேண்டாம். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசு சுவாசப்பையில் தங்கி, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

மழைவெள்ளத்துக்குள்ளால் வந்தபின் பிறேக் வழுக்கினால் நட்டில் கை வைக்க வேண்டாம். மெதுவாக ஓடியபடி மிதியை இலேசாக அமத்துங்கள், சூட்டில் காய்ந்துவிடும்.