ரூ.9,000-க்கு என்ன வாங்குகிறோம்? ஏ35, ஏ55: ஒரு கணக்கு

2024 மார்ச்சில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி ஏ35, கேலக்ஸி ஏ55 என்ற இரண்டு போன்களை ஒன்றாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 8 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் உள்ள ஏ35-இன் அறிமுக விலை ரூ.30,999. அதே ரேம், அதே சேமிப்பு உள்ள ஏ55-க்கு ரூ.39,999. 256 ஜிபி வேண்டுமென்றால் ரூ.33,999, ரூ.42,999. குறிப்பிட்ட வங்கி அட்டைகளுக்குக் கிடைத்த ரூ.3,000 கேஷ்பேக்கும் இரண்டுக்கும் பொது. எப்படிக் கழித்தாலும் இடைவெளி ரூ.9,000. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது யோசிக்காமல் தூக்கிக் கொடுக்கிற தொகை இல்லை.

கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்தால் எது எதுவென்று சட்டென்று சொல்ல முடியாது. வலது ஓரத்தில் வால்யூம் பட்டன் இருக்கும் இடம் இரண்டிலும் லேசாகப் புடைத்திருக்கும். முதுகில் மூன்று வட்டக் கேமராக்கள், அதுவும் இரண்டிலும். ஏ35 209 கிராம், ஏ55 213 கிராம். தடிமன் இரண்டுக்கும் 8.2 மி.மீ. விரலுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். ஏ55-இன் ஓரச் சட்டம் அலுமினியம், தொட்டால் சில்லென்று இருக்கும். ஏ35-இல் அது பிளாஸ்டிக். கவர் மாட்டிவிட்டால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

இப்படி இரட்டையர் போல இருக்கும் போன்களை ஒப்பிடும்போது, பொதுவாக உள்ள வரிகளை முதலில் அடித்துவிட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் அந்த வரிகள்தான். 6.6 அங்குல அமோலெட் திரை, 1080-க்கு 2340 புள்ளிகள், 120 ஹெர்ட்ஸ், 1,000 நிட்ஸ் வெளிச்சம், முன்பக்கம் கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ்: எல்லாம் இரண்டிலும் ஒன்று. பேட்டரி 5,000 மில்லிஆம்பியர்-மணி, சார்ஜ் வேகம் 25 வாட். 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் ஐபி67 தரம் இரண்டுக்கும் உண்டு. நான்கு ஆண்ட்ராய்டு பதிப்பு மேம்படுத்தல், ஐந்தாண்டு பாதுகாப்பு அப்டேட் என்ற வாக்குறுதியும் பொது. பெட்டிக்குள் சார்ஜர் இல்லாததும் பொது.

மின்சாரச் செலவையும் அடித்துவிடலாம். 5,000 மில்லிஆம்பியர்-மணி என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு 25 வாட்-மணி என்று தாராளமாகவே வைப்போம். தினம் ஒரு முழு சார்ஜ் என்றாலும் வருடத்துக்கு 9 யூனிட்தான். யூனிட் ரூ.8 என்று போட்டால் ரூ.73.

ரூ.9,000-இல் வரி எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். செல்போனுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. ரூ.30,999-க்குள் ரூ.4,729 வரி, ரூ.39,999-க்குள் ரூ.6,102 வரி. வித்தியாசம் ரூ.1,373. ஆக, ஏ55-இல் கூடுதலாகக் கிடைக்கும் பொருளுக்கு நாம் கொடுப்பது ரூ.7,627. அந்தப் பொருள் என்ன?

முதலாவது, கேமராவின் சென்சார். கடைப் பலகையில் இரண்டு போனுக்கும் ‘50 மெகாபிக்சல், ஓஐஎஸ்’ என்றே எழுதியிருக்கும். லென்ஸ் திறப்பும் இரண்டிலும் எஃப்/1.8. ஆனால் ஏ35-இன் சென்சார் அளவு 1/1.96 அங்குலம், அதில் ஒவ்வொரு பிக்சலும் 0.8 மைக்ரான் அகலம். ஏ55-இன் சென்சார் 1/1.56 அங்குலம், பிக்சல் 1.0 மைக்ரான். பார்வைக்கு அற்ப வித்தியாசம். பரப்பாக மாற்றினால் 0.64-க்கு 1.00. அதாவது ஏ55-இன் ஒவ்வொரு பிக்சலிலும் 56 சதவீதம் அதிக வெளிச்சம் விழுகிறது. இரண்டு போன்களும் வழக்கமாக நான்கு பிக்சல்களைச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவிலான படமாகத்தான் சேமிக்கின்றன. இந்த விகிதம் அப்போதும் மாறாது.

வெயிலில் எடுக்கும் படத்தில் இதற்குப் பெரிய பலன் இல்லை. இரவு ஏழு மணிக்கு, கூடத்தில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இது கைகொடுக்கும். ஏ55-க்கு ஒரு நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் போதுமென்றால், அதே வெளிச்சத்தைப் பிடிக்க ஏ35-க்கு 19-இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தில் குழந்தையின் கை இழுபட்டுவிடும். ஓஐஎஸ் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது. வீட்டுக்குள்ளும் கல்யாண மண்டபத்திலும் கோயில் பிரகாரத்திலும் அதிகம் படம் எடுப்பவருக்கு ரூ.7,627-இல் பாதியாவது இந்த ஒரு சென்சாருக்கே தகும் என்பது என் கணிப்பு.

மற்ற கேமராக்களில், அகலக் காட்சிக் கேமரா 8 மெகாபிக்சலுக்கு 12. முன் கேமரா 13-க்கு 32. எண் பெரிது, ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் இரண்டும் சுருங்கித்தான் போய்ச் சேரும். க்ளோஸ்-அப் எடுக்கும் 5 மெகாபிக்சல் கேமரா இரண்டிலும் ஒன்றே.

இரண்டாவது, சிப். ஏ35-இல் எக்ஸினோஸ் 1380, 5 நானோமீட்டர். ஏ55-இல் எக்ஸினோஸ் 1480, 4 நானோமீட்டர். இரண்டிலும் நான்கு பெரிய கோர், நான்கு சிறிய கோர். பெரிய கோரின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2.75, அதாவது 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஜிபே, யூடியூப், ரயில் டிக்கெட், வங்கிச் செயலி என்று போகிற போனில் இந்த 15 சதவீதத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கிராஃபிக்ஸ் பகுதிதான் வேறு ஜாதி. ஏ35-இல் மாலி ஜி68. ஏ55-இல் ஏஎம்டி-யின் கட்டமைப்பில் செய்த எக்ஸ்கிளிப்ஸ் 530. மணிக்கணக்கில் கேம் ஆடும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் ஏ55 பக்கம் சாய இது நியாயமான காரணம்.

இனி சேமிப்பு. பலர் கோட்டை விடும் இடம் இது. 128-இலிருந்து 256-க்குப் போக இரண்டு போனிலும் ரூ.3,000 கூடுதல், ஒரு ஜிபி சுமார் ரூ.23. 256 ஜிபி ஏ55-இல் ரேமை 8-லிருந்து 12-ஆக ஏற்ற இன்னொரு ரூ.3,000, விலை ரூ.45,999, அங்கே ஒரு ஜிபி ரூ.750. ஐந்து வருடம் வைத்திருக்கும் போனில் முதலில் நிரம்பி நம்மைத் திணறடிப்பது சேமிப்புதான். மெமரி கார்டு போடலாமே என்று கேட்பார்கள். சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்: முதல் குழி சிம்முக்கு, இரண்டாவது குழியில் இன்னொரு சிம் அல்லது கார்டு, ஏதாவது ஒன்றுதான். ஒரே போனில் இரண்டு சிம் கார்டு போட்டே ஆக வேண்டியவருக்குக் கார்டுக்கு இடம் இருக்காது.

அதனால் நான் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது 256 ஜிபி ஏ35-ஐயும் 128 ஜிபி ஏ55-ஐயும்தான். ரூ.33,999-க்கு ரூ.39,999. இரண்டு மடங்கு சேமிப்பு, ரூ.6,000 மிச்சம். சார்ஜருக்கு ரூ.1,500, கவருக்கும் திரைக் கண்ணாடிக்கும் ரூ.800, மூன்றாம் வருடம் பேட்டரி மாற்ற ரூ.2,500 என்று வைத்தால் மொத்தம் ரூ.4,800. இவை நான் உத்தேசமாகப் போட்ட தொகைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கையில் ரூ.1,200 நிற்கும்.

தவணையில் வாங்குவோர் கவனிக்க: ஆறு மாதத் தவணையில் 128 ஜிபி ஏ35 மாதம் ரூ.5,166.50, ஏ55 ரூ.6,666.50. ‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும் வங்கி வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தரப்படும். வட்டியின்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று கொண்டால் ஏ35-க்கு சுமார் ரூ.236, ஏ55-க்கு ரூ.305. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அது தனி.

போனின் உண்மையான விலை, பாதுகாப்பு அப்டேட் வரும் மாதங்களால் வகுத்தால்தான் தெரியும். ஐந்தாண்டு என்பது நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. 2024 மார்ச்சில் வாங்கியவருக்கு 60 மாதம். 256 ஜிபி ஏ35-க்கு மாதம் ரூ.567, ஏ55-க்கு ரூ.717. இடைவெளி மாதம் ரூ.150. தாமதமாக வாங்குகிறவர் இதே மாதக் கணக்கு வர என்ன விலைக்கு வாங்க வேண்டும்?

48 மாதம் மீதம் இருந்தால்: ஏ35 ரூ.27,199; ஏ55 ரூ.34,399
36 மாதம்: ஏ35 ரூ.20,399, ஏ55 ரூ.25,799
24 மாதம்: ஏ35 ரூ.13,600, ஏ55 ரூ.17,200

திருவிழாத் தள்ளுபடியில் ‘ரூ.8,000 குறைப்பு’ என்று பலகை பார்த்தால் இந்த எண்களோடு ஒட்டிப் பாருங்கள். மீதி மாதங்கள் தேய்ந்த அளவுக்கு விலை இறங்கவில்லை என்றால் அது தள்ளுபடியே இல்லை.

இந்த இரண்டு போன்களுக்கு முன்னும் பின்னும் வந்த ஜோடிகளையும் பாருங்கள். 2023 மார்ச்சில் ஏ34 ரூ.30,999, ஏ54 ரூ.38,999, இடைவெளி ரூ.8,000. 2024-இல் ரூ.9,000. 2025 மார்ச்சில் ஏ36 ரூ.32,999, ஏ56 ரூ.41,999, மீண்டும் ரூ.9,000. 128-இலிருந்து 256-க்குப் போகும் படியும் 2023-இல் ரூ.2,000-ஆக இருந்து அடுத்த ஆண்டே ரூ.3,000 ஆகிவிட்டது.

2025 ஜோடியில் விலை ஏறியிருந்தாலும் அப்டேட் காலம் ஆறாண்டு, 72 மாதம். 256 ஜிபி ஏ36 ரூ.35,999, மாதம் ரூ.500. ஏ56 ரூ.44,999, மாதம் ரூ.625. பெட்டி விலையில் ரூ.2,000 கூடுதல், மாதக் கணக்கில் ஏ35-ஐவிட ரூ.67 குறைவு. சார்ஜ் வேகமும் 25 வாட்டிலிருந்து 45 ஆனது. ஆனால் இரண்டிலுமே மெமரி கார்டுக்கு இடம் இல்லை. 128 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டுவிட்டது.

வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல போன், அதையே ஐந்து வருடம் ஓட்டப் போகிறோம் என்பவர்கள் 256 ஜிபி ஏ35-ஐ, அல்லது 2025 ஜோடியில் 256 ஜிபி ஏ36-ஐ வாங்குங்கள். இரவு வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படம் எடுப்பதும் கேமும்தான் முக்கியம் என்றால் ஏ55-க்கோ ஏ56-க்கோ அந்த ரூ.9,000-ஐத் தயங்காமல் கொடுக்கலாம். எதை வாங்கினாலும் பணம் கட்டுமுன் கடைக்காரரிடம், ‘இந்த மாடல் எந்த மாதம் வந்தது, அப்டேட் எந்த வருடம் வரை வரும்?’ என்று கேட்டு, பில்லின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.