பனிக்கட்டி நண்டைப் பச்சையாக உண்ணலாமா?

ஜொகூர்வாசிகளுக்கு நண்டு என்றதும் நினைவுக்கு வருவது பொந்தியான் மாவட்டத்தின் குக்குப். கடல்மேல் கால் ஊன்றிய வீடுகள், எதிரே 2003-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற குக்குப் தீவு. கயிற்றால் கட்டிய சேற்று நண்டை உயிரோடு பார்த்து வாங்குவதுதான் இங்குள்ள வழக்கம். செத்த நண்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் விவரம் தெரிந்த இல்லத்தரசிகள் தொடமாட்டார்கள். காரணம் உண்டு. உயிர் பிரிந்ததும் நண்டின் செரிமானச் சுரப்பியிலுள்ள நொதிகள் அதன் சதையையே கரைக்கத் தொடங்கும், கிருமிகளும் பெருகும். சதை கொழகொழத்துவிடும்.

அப்படியிருக்க, ஜப்பானியர்கள் வேகவைக்காத நண்டை உறையவைத்து விற்கிறார்களே, அது எப்படி?

அவர்களின் விருப்ப நண்டு குளிர்கடலில் வாழும் 'சுவாய்கானி' எனும் பனி நண்டு. ஃபுகுயி போன்ற ஜப்பான் கடலோர மாநிலங்களில் அதன் பருவம் நவம்பர் 6-ஆம் தேதி தொடங்குகிறது. தேவைக்கு உள்நாட்டு நண்டு போதாததால் பெருமளவு இறக்குமதியும் செய்கிறார்கள். நொதிகள் வேலையைத் தொடங்குமுன் கடுங்குளிரில் உறையவைத்துவிட்டால் சதை கெடுவதில்லை. கெடுதல் நின்றுபோவதில்லை, தள்ளிப்போகிறது; அவ்வளவுதான்.

பொட்டலத்தில் 'போயிரு' என்றிருந்தால் வெந்த நண்டு. பனி இளகியதும் அப்படியே உண்ணலாம். அதைக் குழம்பில் போட்டு மறுபடி கொதிக்கவிட்டால் நார்தான் மிஞ்சும். 'நாமா' என்றிருந்தால் வேகாத நண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேகாதது என்பதால் பச்சையாக உண்ணத்தக்கது என்று பொருளல்ல! பச்சையாக உண்பதற்கென்றே தயாரித்ததில் 'நாமாஷோகு யோ' அல்லது 'சாஷிமி யோ' என்ற குறிப்பு இருக்கும். 'கானெட்சு யோ' என்றால் சமைத்தே ஆகவேண்டும். ஜப்பானியர்களே பெரும்பாலும் நாமா நண்டுக் காலைக் கொதிக்கும் சாற்றில் முக்கியெடுத்துத்தான் உண்கிறார்கள்.

உறைகுளிர் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. 1950-ஆம் ஆண்டு ஒசாகாவில் சின்ன மீன் உணவால் 20 பேர் இறந்தபோது, ஃபுஜினோ என்ற ஆய்வாளர் 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்' எனும் கடல் கிருமியைக் கண்டறிந்தார். குளிரில் அதன் எண்ணிக்கை குறையும், முற்றாக ஒழியாது. வேகவைத்தால் ஒழியும். ஒட்டுண்ணிகளின் கதை வேறு. கழித்தட்டு 20 பாகை செல்சியசில் ஏழு நாள் வைத்தால் அவை இறக்கும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்கு. வீட்டுக் குளிர்பெட்டி அந்த அளவுக்குக் குளிரும் என்று நம்பியிருக்கக் கூடாது.

ஆற்று நண்டை மட்டும் எக்காரணத்தாலும் பச்சையாகத் தொடவேண்டாம். அதிலுள்ள நுரையீரல் புழு உடலுக்குள் போனால் இருமலும் சளியில் இரத்தமும் வரும். காசநோய் என்று தவறாக எண்ணிச் சிகிச்சை பெற்றவர்கள் மணிப்பூரிலும் உண்டு.

நாமா நண்டை இரவு முழுக்க வெளியில் வைத்து இளக்குவதும் தவறு. வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல் அதன் கால்களும் கறுத்துவிடும், சுவையும் போகும். மேலுள்ள பனி கரையும்வரை தண்ணீரில் காட்டி, பாதி இளகியதும் சட்டியில் போட்டுவிடவேண்டும். வாங்கும்போது எடையையும் கவனியுங்கள். சதை உலராதிருக்க மேலே பனிப்பூச்சு பூசுவார்கள். பனி நீங்கிய எடை எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கினால், தண்ணீருக்கும் நண்டு விலைதான்.