சாம்பல் நோயை மடக்கும் எண்ணெய்

திராட்சை இலையில் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய். எரிசிஃபே நெகேட்டர் என்னும் பூசணத்தின் வேலை. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதை 1845-ல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அது பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடியது. 1854-ல் அந்நாட்டின் ஒயின் உற்பத்தி சுமார் 1.1 கோடி ஹெக்டோலிட்டராகச் சரிந்தது. கந்தகம்தான் அன்று கைகொடுத்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்தப் பூசணத்தின் பலவீனம் புரியும். வெள்ளை இழைகள் எல்லாம் இலையின் மேலேயே படுத்துக் கிடக்கும். உணவு உறிஞ்சும் நுண்ணுறுப்புகள் மட்டும் மேல்தோல் செல்களுக்குள் இறங்கியிருக்கும். அதன்மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் படிந்தால் இழைகள் துவண்டு மடிகின்றன. சுத்திகரித்த கனிம எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. 1990-களில் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த சோதனைகளில் சூரியகாந்தி, சோயா போன்ற சமையல் எண்ணெய்களும் சாம்பல் நோயை நன்றாகக் கட்டுப்படுத்தின. ஆனால் திராட்சையின் இன்னொரு நோயான அடிச்சாம்பல் நோய் இலைக்குள்ளே வளர்வது. அதனிடம் எண்ணெய் பெரிதாக எடுபடுவதில்லை. இரண்டையும் பிரித்தறியாமல் மருந்தடித்தால் காசுதான் வீண்.

பல ரசாயன மருந்துகளுக்கு இந்தப் பூசணம் பழகிவிட்டது. எண்ணெய்க்குப் பழகுவது அவ்வளவு எளிதல்ல என்பதே எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தருகிறது.

பட்ட இடத்தில்தான் எண்ணெய் வேலை செய்யும். எனவே இலையின் அடிப்புறமும் கொத்தின் உட்புறமும் நனைய வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 லிட்டர் என்பது வழக்கமான அளவு. பால்போலக் கலக்க வைக்கும் பொருள் சேர்த்து, டாங்கியைக் கலக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். கலக்காமல் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு செடிக்கு வெறும் தண்ணீர், அடுத்ததற்குக் கருக வைக்கும் எண்ணெய் என்றாகிவிடும். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடித்தாலும் இலை கருகும். முதலில் எண்ணெய், பிறகு கந்தகம் என்றாலும் இதே இடைவெளி தேவை.

நோய் தெரிந்த தொடக்கத்தில் ஓரிரு முறை அடிப்பதே சரி என்பேன். அடிக்கடி அடித்தால் இலையின் ஒளிச்சேர்க்கை குறைந்து பழத்தில் சர்க்கரை ஏறுவது தாமதமாகும். பழத்தின் மேலுள்ள வெண்மெழுகையும் எண்ணெய் கரைத்துவிடும். ஒயினுக்குப் போகும் பழத்தில் இது பெரிய குறையில்லை. கம்பம் பன்னீர் திராட்சைபோல் அப்படியே தின்னும் பழத்துக்கு அந்த மெழுகுதான் சந்தையில் விலை வாங்கித் தரும் அழகு. அங்கே காய் பருக்குமுன்பே எண்ணெயை நிறுத்திவிட வேண்டும்.