மேற்பார்வைக் குழுவில் தொழிலாளி, நீதிமன்றத்தில் முதலீட்டாளர்

ஒரு நிறுவனத்தின் முடிவுகளை யார் எடுக்கிறார், எடுப்பவரை யார் தட்டிக்கேட்கலாம் என்பதை வகுக்கும் ஏற்பாடே நிறுவன ஆளுகை. இதைக் கம்பெனிச் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொழிலாளர் சட்டமும் முதலீட்டாளர் பாதுகாப்பும் அதை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை ஜெர்மனியில் தெளிவாகக் காணலாம்.

அங்குள்ள பெரிய நிறுவனங்களில் அன்றாட அலுவலை நடத்தும் நிர்வாகக் குழு ஒன்றும், அதன் உறுப்பினர்களை நியமித்துக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு ஒன்றும் உண்டு. 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் இந்த மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை என 1976ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மறுவாக்கெடுப்பில் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. உடன்பாடு எட்டாதபோது தலைவரைப் பங்குதாரர் தரப்பே தேர்ந்தெடுக்கும் என்பதால், நூலிழை அளவில் மேலாதிக்கம் முதலீட்டின் பக்கமே நிற்கிறது.

அந்த நூலிழையும் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் அறுந்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி, அங்கே புதிய ஆலை அமைக்கவோ இருக்கும் ஆலையை இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். 20 பேர் கொண்ட குழுவில் அதற்கு 14 வாக்குகள் தேவை. தொழிலாளர் தரப்பின் 10 பேரும் ஒன்றுபட்டு மறுத்தால் தீர்மானம் நிறைவேறாது. வாக்குரிமையில் பாதிக்கும் மேல் போர்ஷே, பியெக் குடும்பங்களிடமும், 20 சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடமும் இருக்கின்றன. சந்தையில் வெளியார் வாங்குவதோ பெரும்பாலும், ஈவுத்தொகையைச் சற்றுக் கூட்டித் தந்து வாக்குரிமையைப் பொதுவாக மறுக்கும் முன்னுரிமைப் பங்குகள்.

தொழிலாளர் கை ஓங்கிய நாடுகளில், அதற்கு ஈடுகொடுக்கவே பங்குகள் சிலரிடம் குவிந்து கிடக்கின்றன என்பது அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மார்க் ரோவின் வாதம். அது முழு விளக்கமாகாது; ஆனாலும் குழுவுக்குள் குடும்பமும் அரசும் தொழிற்சங்கமும் பேசி முடிப்பதில் சிறு முதலீட்டாளருக்கு இடமில்லை என்பது உண்மை. தொழிலாளருக்குத் தந்த இருக்கை நியாயமானது; குறை, வெளியே நிற்பவருக்கான காப்பு அதே வேகத்தில் வளராததில்தான் இருக்கிறது.

அவருக்கு எஞ்சுவது வழக்கு. பலரின் வழக்குகளுக்குப் பொதுவான கேள்விகளை ஒரே முன்மாதிரி வழக்கில் தீர்க்க 2005இல் சட்டம் வந்தது. டாய்ச்ச டெலிகாம் 2000இல் விற்ற பங்குகளால் நட்டமடைந்து சுமார் 17,000 பேர் தொடுத்த வழக்குகளே அச்சட்டத்துக்குக் காரணம். அவர்களுக்கான சமரசம் 2021இல்தான் எட்டப்பட்டது.