புள்ளியை நம்பலாம், கோட்டை நம்பலாமா?

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை வாகன ஓட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஐபோனில் ஆப்பிள் நிறுவனம் அப்போது புதிதாகத் தந்திருந்த வரைபடத்தை நம்பி மில்டுரா என்ற ஊருக்குக் கிளம்பியவர்கள், ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தள்ளி, மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் வறண்ட காட்டுக்குள் போய் நின்றார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. வெயில் 46 டிகிரி வரை ஏறும். சிலர் ஒரு நாள் வரை சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். செல்போனுக்கு டவர் கிடைக்கும் இடத்தைத் தேடி நெடுந்தூரம் நடந்தார்கள். செயற்கைக்கோள்கள் ஏதும் பிசகிவிடவில்லை. மில்டுரா என்பது ஊரின் பெயர். அதைச் சுற்றியுள்ள பரந்த நிர்வாகப் பகுதிக்கும் அதே பெயர்தான். அந்தப் பகுதியின் நடுப்புள்ளியை ஊர் என்று வரைபடம் எடுத்துக்கொண்டது. வண்டிகள் துல்லியமாக, தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜி.பி.எஸ். காலை வாரிவிட்டது என்று வரும் செய்திகள் பலவற்றில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. கைபேசித் திரையில் தெரியும் நீலப் புள்ளி ஒரு சங்கதி; அதிலிருந்து கிளம்பும் நீலக் கோடு வேறொரு சங்கதி. புள்ளியைத் தருவது, பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு, நாம் எங்கே இருக்கிறோம் என்று கருவி கணக்கிடுகிறது. அங்கே மேலே கடிகாரங்கள் நம்முடையதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கி.மீ. அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். அவ்வளவு நுணுக்கம் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த வழக்கமும் 2000 மே மாதத்தோடு முடிந்தது. வானம் திறந்த இடத்தில் இன்று சாதாரண செல்போனே ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மலைச்சரிவை ஒட்டியோ உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

கோட்டுக்கு இந்தப் பரம்பரை கிடையாது. யாரோ பதிந்த சாலைத் தகவல், ஒவ்வொரு துண்டுச் சாலைக்கும் ஊகித்து வைத்த வேகம், அவற்றைக் கூட்டிக் குறைந்த நேரத்தைத் தேடும் ஒரு கணக்கு, இவைதான் அதன் மூலதனம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் கூடலூர் வழித் தூரத்தில் பாதிகூட வராது; கணக்குக்கு அது போதும். 36 கொண்டை ஊசி வளைவுகளும், கீழ் கியரிலேயே இறங்க வேண்டிய செங்குத்தும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வெளியூர் வண்டிகள் பள்ளத்தில் விழுந்த வரலாறும் அந்தக் கணக்கில் எங்கே வரும்? 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வரைபடம் காட்டிய பாலத்தில் ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கோட்டில் மட்டும் அந்தப் பாலம் முழுசாக இருந்தது. தடுப்பு வைக்காத அதிகாரிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாலையை விட்டுக் காட்டுக்குள்ளோ மலைக்கோ போனால் கோட்டின் தரம் இன்னும் இறங்கும். அமெரிக்காவின் டெத் வேலியில் பழைய சுரங்கக் காலத்துத் தடங்கள் மண்ணோடு மண்ணாகிப் பல்லாண்டுகள் ஆன பிறகும் வழிகாட்டிக் கருவிகளில் சாலைகளாகவே நீடித்தன. அவற்றை நம்பிப் போய்ப் பாலைவனத்தில் உயிர்விட்டவர்கள் உண்டு, 'ஜி.பி.எஸ். சாவு' என்றே அங்குள்ள வனக்காவலர்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரமுள்ள மலை. 2021-இல் கூகுள் மேப், சிகரத்துக்கு மிக அருகிலிருந்த கார் நிறுத்துமிடத்தைத் தொடக்கமாகக் காட்டி, அங்கிருந்து உச்சிக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தது. கோடு போன இடத்தில் பாதையே இல்லை, செங்குத்துப் பாறைதான். உயிருக்கே ஆபத்து என்று மலையேற்ற அமைப்பினர் வெளிப்படையாக எச்சரித்தார்கள்.

வழிகேட்டுப் போன காலத்தில் யாரும் தொலையவில்லையா என்று கேட்கலாம். தொலைந்தார்கள், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் டீக்கடையில் வழி சொல்பவர் வழியோடு நிறுத்துவதில்லை. “மழை பேஞ்சா ஓடையில தண்ணி வரும், உங்க வண்டி தாங்காதுங்க” என்பதையும் சேர்த்தே சொல்வார். கோடு வண்டியைப் பார்ப்பதில்லை, வானத்தையும் பார்ப்பதில்லை. இன்னொரு வாதம்: நிறுவனங்கள் திருத்திக்கொண்டே வருகின்றன, நாளடைவில் சரியாகிவிடும் என்பது. நகரத்தில் அது உண்மை. அங்கே ஆயிரக்கணக்கான செல்போன்களின் நகர்வே எந்தச் சாலை ஓடுகிறது, எது அடைபட்டது என்று சொல்லிக்கொடுத்துவிடும். காட்டுப்பாதையில் அப்படிச் சொல்லித்தர ஆளில்லை. துணை மிகத் தேவைப்படும் இடத்தில்தான் தகவல் மிகக் குறைவு. இது சீக்கிரம் தீரக்கூடிய கோளாறாக எனக்குத் தோன்றவில்லை.

போதாததற்கு, கோடு நம் கவனத்தையும் கழற்றிவிடுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், லண்டனின் சோஹோ தெருக்களைத் திரையில் பார்த்தபடி தாமே வழி தேடியவர்களின் மூளையில், வழியறிய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி புதிய தெருவில் நுழையும்போதெல்லாம் துடிப்பாக இயங்கியது. கருவியின் சொல்படி போனவர்களிடம் அந்தக் கூடுதல் இயக்கம் தெரியவில்லை. சாலை குறுகி, தார் போய், மண் வந்து, மண்ணும் புல்லாகும்போது ஏதோ சரியில்லை என்று எச்சரிக்க வேண்டிய பகுதி, குரலுக்கு வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கிறது.

இதற்காகக் கருவியை வீட்டில் விட்டுப் போக வேண்டியதில்லை. புள்ளியை நன்றாகப் பயன்படுத்தினாலே போதும். அதற்கு டவர் தேவையில்லை. வரைபடத்துக்குத்தான் இணையம் தேவை. எனவே இணையம் உள்ள இடத்திலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையேறுபவர்கள் புறப்படும்போதே தடப் பதிவைப் போட்டுவிட வேண்டும். திரும்பும்போது கிடைக்கும் அந்தக் கோடு நீங்கள் நடந்து வந்த கோடு, அதை நம்பலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்கை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவிகள் வெளிநாடுகளில் எளிதாகக் கிடைத்தாலும், இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதியின்றி அவற்றை வைத்திருந்தால் வழக்கு வரும். ஆகவே எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.