மூளைப் படத்தில் ஒரு குருவி

"என்ன அத்தை, பார்த்துச் சாப்பிடக் கூடாதா? சின்னக் குழந்தை மாதிரி சிந்தறீங்களே!"

என் மாமியாரை இப்படிக் கடிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அத்தைக்கு அப்போது வயது 67. நடை தளர்ந்தது, கழுத்து விறைத்தது, பேச்சு குழறியது. 'பார்க்கின்சன்' என்று மாத்திரை கொடுத்தார்கள். அளவைக் கூட்டியும் குணம் தெரியவில்லை. கை நடுக்கமோ அவ்வளவாக இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே மல்லாக்க விழுவார். படி இறங்கவும் தடுமாறுவார்.

கடைசியில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் போனோம். அவர் எடுத்த எடுப்பில் ஸ்கேன் எழுதவில்லை. தம் விரலை மேலும் கீழும் அசைத்து, "தலையை ஆட்டாம கண்ணால மட்டும் பாருங்கம்மா" என்றார். அத்தையின் பார்வை கீழே இறங்கவே இல்லை! தட்டில் இருந்த சாதம் அவர் கண்ணுக்குத் தெரிந்தால்தானே சிந்தாமல் சாப்பிட?

பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளைத்தண்டின் உச்சியில் இருக்கும் நடுமூளை அத்தைக்கு மெலிந்திருந்தது. பக்கவாட்டுப் படத்தில் நீண்ட அலகுள்ள ஒரு குருவி போலத் தெரிந்தது. டாக்டர்கள் இதை 'ஹம்மிங்பேர்டு அடையாளம்' என்கிறார்கள். நோயின் பெயர் சுருக்கமாக பி.எஸ்.பி. ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸெவ்ஸ்கி என்ற மூன்று டாக்டர்கள் 1964-ல் இதைத் தனி நோயென்று விவரித்தார்களாம்.

"டோபமைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்காமே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது பார்க்கின்சன்லயும் குறைவாக் காட்டும், இதுலயும் குறைவாக் காட்டும். சாதாரண கைநடுக்க நோயா, பார்க்கின்சனான்னு பிரிக்கத்தான் அது உதவும். ஆரம்பத்துல எம்.ஆர்.ஐ.கூடத் தெளிவாக் காட்டாது. நோயாளியைப் பரிசோதிக்கிறதுதாம்மா முதல்ல" என்றார்.

பி.எஸ்.பி.யை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனாலும் வீட்டில் செய்ய வேண்டியது புரிந்தது. பயனில்லாத மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். அத்தையின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம். தட்டை ஒரு ஸ்டூல் மேல் உயர்த்தி, பார்வைக்கு நேராக வைத்தோம். புரையேறாமல் இருக்க, கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகக் கொடுத்தோம். எழுந்தால் ஒருவர் கூடவே நடந்தோம்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெரியவர் அடிக்கடி பின்பக்கமாக விழுகிறாரா? பார்க்கின்சன் மாத்திரை பலன் தரவில்லையா? கீழே பார்க்கச் சிரமப்படுகிறாரா? மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மூன்றையும் நரம்பியல் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை, சாதம் சிந்தினால் தயவுசெய்து திட்டாதீர்கள்.